குளோரைட்டு: கல்லுக்கும் உப்புக்கும் ஒரே பெயர் வந்தது எப்படி?

ஊற்றுக்கரை (கோத்தகிரி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஹட்டிக்கு (படுகர் சிற்றூருக்கு) மேலே, தேயிலை முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து குடிநீருக்கு அதைத்தான் நம்பியிருக்கிறோம். சென்ற வடகிழக்குப் பருவமழையில் ஊற்றுக்கு மேலிருந்த பாறை ஒன்று பிளந்து சரிந்தது. பிளந்த முகத்தில் கரும்பச்சை நிறத்தில் ஏதோ மெல்லிய பூச்சாகப் படிந்திருந்தது. ஈரமாக இருக்கும்போது அது சோப்பு தடவியதுபோல் வழுக்கியது; காய்ந்தபின் நகத்தால் சுரண்டினால் சிறு செதில்களாகப் பெயர்ந்தது. கல்லூரியில் நிலவியல் படிக்கும் என் அக்காள் மகன் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, இது குளோரைட்டு மாதிரி இருக்கிறது" என்றான்.

அந்தப் பெயரைத் தேடிப் பார்த்ததிலிருந்து வீட்டில் அமைதி இல்லை. குளோரைட்டு என்பது துணியை வெளுக்கப் பயன்படும் உப்பு என்றும், குடிநீரில் லிட்டருக்கு 0.7 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது என்றும் படித்தேன். போன ஆண்டு எடுத்த நீர்ச் சோதனை அறிக்கையைப் புரட்டினால் அதில் "குளோரைடு 14 மி.கி." என்று இருக்கிறது. வரம்பைப் போல் இருபது மடங்கு என்று கணக்குப் போட்டு, என் பெரியம்மா ஊற்றுத் தண்ணீரைத் தொடுவதையே விட்டுவிட்டார். கல்லும் இந்த உப்பும் ஒன்றா? அறிக்கையில் இருப்பதும் இதுதானா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மலைநடை (உதகை) எழுதியது:

குளோரைட்டு என்ற பெயரிலேயே குளோரின் இருக்கிறதே. அந்தக் கல்லில் குளோரின் இருப்பதால்தான் அப்படிப் பெயர் வைத்திருப்பார்கள். மழைநீர் பட்டு அது கரைந்து ஊற்றில் சேர்வது இயல்புதானே? தெளிவாகத் தெரியும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் இருப்பது நல்லது.

பாறைநோக்கி (கொடைக்கானல்) எழுதியது:

ஊற்றுக்கரை ஐயா, முதலில் உங்கள் பெரியம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பாறையில் படிந்திருப்பது குளோரைட்டுக் கனிமமாகவே இருந்தாலும், அதன் வாய்பாட்டில் குளோரின் இல்லவே இல்லை. மக்னீசியம், இரும்பு, அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகியவைதான் அதில் உள்ளன. தண்ணீரில் உப்புக் கரைவதுபோல் கரையும் பொருளும் அது இல்லை. ஆகவே அந்தக் கல்லிலிருந்து குளோரைட்டு உப்பு ஊற்றில் இறங்குவதற்கு வழியே கிடையாது.

மலைநடை தம்பி சொன்னதைப் போலவே பலரும் எண்ணுகிறார்கள். நானும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் எண்ணினேன். ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. ஜெர்மனியின் ஃபிரைபெர்க் சுரங்கக் கல்விக்கூடத்தில் கற்பித்த ஆபிரகாம் காட்லோப் வெர்னர், 1789ஆம் ஆண்டில் இந்தப் பச்சைக் கனிமத்துக்குக் குளோரைட்டு என்ற பெயரைக் கொடுத்தார். பின்னாளில் குளோரின் எனப்பட்ட வளிமத்தை ஷீலே என்ற வேதியியலாளர் 1774லேயே தயாரித்துவிட்டார் என்றாலும், அது ஒரு தனிமம் என்று நிறுவி ஹம்ஃப்ரி டேவி அதற்குக் குளோரின் என்று பெயரிட்டது 1810இல்தான். அதாவது, குளோரின் என்ற பெயர் பிறப்பதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே குளோரைட்டு என்ற கல் இருந்தது. மூத்த பெயர் இளைய பெயரிலிருந்து பிறந்திருக்க முடியாது.

இரண்டும் தனித்தனியே ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. "குளோரோஸ்" என்ற அந்தச் சொல் இளந்தளிரின் பச்சையிலிருந்து வெளிறிய மஞ்சள் வரை ஒரு பெரிய நிறவரிசையையே குறிக்கும். வெர்னர் கல்லின் பச்சையைப் பார்த்தார். டேவி வளிமத்தின் மஞ்சள் கலந்த பச்சையைப் பார்த்தார். பச்சையத்துக்குப் பெல்லத்தியே, கவந்தூ என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் சூட்டிய குளோரோஃபில் என்ற பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். உங்கள் தேயிலைக் கொழுந்திலும் குளோரோஃபில் இருக்கிறது, அந்த மூலக்கூறிலும் குளோரின் கிடையாது. அதன் நடுவில் இருப்பது மக்னீசியம். உங்கள் பாறையில் உள்ள பச்சைப் பூச்சிலும் மக்னீசியம் இருப்பது வெறும் தற்செயல்தான், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள உதவும்.

ஊற்றுக்கரை எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்படியென்றால் நீருக்கு வரம்பு வைத்திருக்கிறார்களே, அந்தக் குளோரைட்டு எது?" என்று கேட்கிறார். எனக்கு விடை தெரியவில்லை.

குன்னூர் ஆசிரியை எழுதியது:

பெரியம்மாவின் கேள்வி சரியான கேள்வி. நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிப்பவள் என்பதால் உப்பின் பக்கத்தை நான் சொல்கிறேன்.

ஒரு குளோரின் அணுவும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்து ஒற்றை எதிர்மின்சுமையுடன் இருக்கும் அயனிக்குத்தான் வேதியியலில் குளோரைட்டு என்று பெயர். சோடியத்தோடு சேரும்போது அது சோடியம் குளோரைட்டு என்ற வெள்ளை உப்பாகிறது. இது பாறையில் வெட்டியெடுக்கப்படும் பொருள் இல்லை. குளோரின் டைஆக்சைடு வளிமத்தை எரிசோடாக் கரைசலில் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் செலுத்தித் தொழிற்சாலையில் தயாரிக்கிறார்கள். துணி வெளுக்கவும், தேவைப்படும் இடத்திலேயே குளோரின் டைஆக்சைடைத் திரும்ப உண்டாக்கி நீரைத் தூய்மை செய்யவும் இது பயன்படுகிறது.

குளோரினின் உப்புகளை ஓர் ஏணியாக நினைத்துப் பார்க்கச் சொல்லி மாணவர்களிடம் கூறுவேன். ஆக்சிஜனேற்ற எண் −1 என்ற அடிப்படியில் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பு. +1இல் ஹைப்போகுளோரைட்டு, ஊராட்சித் தொட்டியில் கரைக்கும் பிளீச்சிங் பவுடரின் வேலையைச் செய்வது அதுதான். +3இல் நாம் பேசும் குளோரைட்டு. +5இல் குளோரேட்டு, சிவகாசித் தீக்குச்சியின் தலையில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட்டு இந்தப் படியைச் சேர்ந்தது. +7இல் பெர்குளோரேட்டு. ஒரே தனிமம் படிக்குப் படி வேறு பொருளாகிவிடுகிறது. அடிப்படியில் இருப்பதை நாம் ஒவ்வொரு வேளையும் உண்கிறோம். அதற்கு மேல் உள்ள எதையும் உணவாகக் கருதக் கூடாது.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். அதில் இருப்பது குளோரைடு. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் அந்தத் தரம் கூறுகிறது. உங்கள் 14 என்பது மிகக் குறைவு, மலை ஊற்றுக்கு இயல்பானது. உலக சுகாதார நிறுவனத்தின் 0.7 என்ற எண் குளோரைட்டு அயனிக்கு உரியது. குளோரின் டைஆக்சைடு கொண்டு தூய்மை செய்த நீரில் அது எஞ்சி நிற்கும் என்பதால்தான் அந்த வரம்பு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதே அயனிக்கு 1 மில்லிகிராம் என வரம்பு வைத்திருக்கிறது. யாரும் மருந்து கலக்காத ஓர் ஊற்றில் இந்த வரம்பைப் பற்றிய பேச்சே எழாது. "டு" என்ற ஓரெழுத்தும் "ட்டு" என்ற ஈரெழுத்தும் சேர்ந்து உங்கள் வீட்டை இவ்வளவு அலைக்கழித்துவிட்டன என்பதை நினைக்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சேரம்பாடி எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்ன அந்த எழுத்து வேறுபாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் தாய் தந்தையர் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, இங்கே கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைக் கோட்டத்தில் குடியமர்ந்தவர்கள். அம்மா பதுளையில் படித்தபோது எழுதிய வேதியியல் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் சமையல் உப்பைச் "சோடியம் குளோரைட்டு" என்றுதான் எழுதியிருக்கிறார். சிறுவயதில் நான் அதைப் பிழை என்று எண்ணித் திருத்தியும் வைத்தேன். பிறகுதான் புரிந்தது, இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அது முறையான வழக்கு. அங்கே காபனீரொட்சைட்டு என்றால் நாம் சொல்லும் கார்பன் டைஆக்சைடு. ஐதரொட்சைட்டு என்றால் ஹைட்ராக்சைடு. நாம் "ஐடு" என்று முடிப்பதை அவர்கள் "ஐட்டு" என்று முடிப்பார்கள். நாம் "ஐட்டு" என்று முடிப்பதற்கு அவர்களிடம் "ஐற்று" என்ற தனி முடிபு உண்டு. நைட்ரைட்டை நைத்திரைற்று என்பார்கள்.

ஆகவே, இணையத்தில் "குளோரைட்டு" என்று தமிழில் தேடினால், எழுதியவர் எந்தக் கரையைச் சேர்ந்தவர் என்று பார்க்காமல் பொருள் கொள்ளக் கூடாது. நீலகிரியில் இரண்டு வழக்கையும் படித்த குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருக்கின்றன.

பாறைநோக்கி எழுதியது:

சேரம்பாடி அம்மா, இது எனக்குப் புதிய செய்தி. ஒலியை நுட்பமாகப் பிரித்தெழுதும் அந்த முறை, இந்த ஒரு சொல்லைப் பொறுத்தவரை, நம் முறையைவிடத் தெளிவானது என்றே நான் நினைக்கிறேன். நாம் இரண்டையும் "ட்" ஒலியில் அடைத்துவிட்டதால்தான் கோத்தகிரியில் ஒரு குடும்பம் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறது.

பண்ணைக்காடு எழுதியது:

பழனி மலையின் கீழ்ப்பகுதியில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். நாங்கள் போடும் பொட்டாஷ் மூட்டையில் பொட்டாசியம் குளோரைடு என்று இருக்கிறது. மேலே சொன்ன ஏணியில் அது எந்தப் படி? பச்சைக் கல் எங்கள் பக்கமும் கிடைக்குமா?

குன்னூர் ஆசிரியை எழுதியது:

அடிப்படிதான், அண்ணா. சமையல் உப்பின் உடன்பிறப்பு அது. வெளுக்கும் தன்மை எதுவும் அதற்கு இல்லை.

பாறைநோக்கி எழுதியது:

கல்லைப் பற்றிய கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் இரு மலைகளிலும் இந்தக் கனிமம் இருப்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

நீலகிரியும் பழனி மலையும் பெரும்பாலும் சார்னோக்கைட்டு என்ற பாறையால் ஆனவை. நீலகிரிப் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். பூமியின் ஆழத்தில் 700 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் வெந்து உருவான பாறை அது. குளோரைட்டோ அவ்வளவு வெப்பத்தைத் தாங்காது. ஏறத்தாழ 200 முதல் 450 டிகிரி வரையிலான சூட்டில், நீர் இருக்கும் சூழலில்தான் அது சாதாரணமாக உருவாகும். எனவே மூலப் பாறையோடு அது பிறந்திருக்க முடியாது. பாறை ஆழத்திலிருந்து மேலெழுந்து ஆறிக்கொண்டிருந்த காலத்தில், அதன் விரிசல்கள் வழியே சுடுநீர் புகுந்து, பைராக்சின், ஹார்ன்பிளெண்டு, பயோட்டைட்டு, கார்னெட் போன்ற கனிமங்களை மாற்றியபோது பிறந்தது இந்தப் பச்சை. அதனால்தான் அது பாறையின் உடல் முழுவதும் இல்லாமல், ஊற்றுக்கரை ஐயா பார்த்ததுபோல் பிளவின் முகத்தில் மட்டும் பூச்சாக நிற்கிறது. நீலகிரியின் வடக்கு ஓரத்தில் மாயாறும் தெற்கு ஓரத்தில் பவானியும் ஓடும் பள்ளங்கள் பாறை நொறுங்கி நகர்ந்த பட்டைகள். அப்படி நொறுங்கிய பட்டைகளில் நீர் புகுந்து பாறையை மாற்றுவதற்கு வாய்ப்பு அதிகம். பண்ணைக்காட்டு நண்பருக்கும் சாலை வெட்டிய பாறை முகங்களில் இது கண்ணில் படலாம்.

குளோரைட்டு என்பது ஒரே கனிமம் இல்லை, ஒரு குடும்பம். மக்னீசியம் மிகுந்ததற்குக் கிளினோகுளோர் என்றும் இரும்பு மிகுந்ததற்குச் சாமோசைட்டு என்றும் பெயர். மாங்கனீசு மிகுந்த பென்னன்டைட்டும் நிக்கல் மிகுந்த நிமைட்டும் அரியவை. எல்லாமே அடுக்குச் சிலிக்கேட்டுகள். வாழையிலைக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு சிலிக்கேட்டுப் படலங்கள் ஓர் உலோகப் படலத்தை நடுவில் வைத்து ஓரிலையாகின்றன, அந்த இலைக்கும் அடுத்த இலைக்கும் இடையே இன்னொரு ஹைட்ராக்சைடுப் படலம் விரிக்கப்பட்டிருக்கிறது. இந்த இடைவிரிப்புத்தான் குளோரைட்டின் அடையாளம். காக்காய்ப்பொன் என்று நாம் சொல்லும் மைக்காவில் அந்த இடத்தில் பொட்டாசியம் போன்ற அயனிகள் மட்டும் இருக்கும். கிளினோகுளோரின் எடையில் ஏறத்தாழ 13 விழுக்காடு நீர் என்று கணக்கிடுவார்கள். ஆனால் அது ஈரமாக இல்லை, ஹைட்ராக்சில் வடிவில் கட்டுண்டு கிடக்கிறது.

மலைநடை எழுதியது:

ஐயா, நான் முதலில் எழுதியது தவறு என்பதை ஏற்கிறேன். ஆண்டுகளைச் சரிபார்க்காமல் பெயரின் ஒலியை மட்டும் வைத்து எழுதிவிட்டேன். ஒரு சந்தேகம் இன்னும் இருக்கிறது. கல்லுக்கும் உப்புக்கும் "ஐட்டு" என்ற அதே வால் எப்படி வந்தது?

பாறைநோக்கி எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. அங்கேயும் இரண்டு வழிகள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. கற்களின் பெயரில் வரும் "ஐட்டு", "சார்ந்தது, உரியது" என்று பொருள்படும் பழைய கிரேக்க விகுதி. சார்னோக்கைட்டு என்பதே அதற்குச் சான்று. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கொண்டுபோன கல் என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அதற்குச் சார்னாக்கின் பெயரை இட்டார். உப்பின் பெயரில் வரும் "ஐட்டு" வேறு. 1787இல் லவாய்சியேயும் அவருடைய தோழர்கள் மூவரும் பிரான்சில் வகுத்த பெயரீட்டு முறையில், ஆக்சிஜன் மிகுந்த அமிலத்தின் உப்புக்கு "ஏட்டு" என்றும் குறைந்த அமிலத்தின் உப்புக்கு "ஐட்டு" என்றும் வால் வைத்தார்கள். சல்ஃபேட்டும் சல்ஃபைட்டும், நைட்ரேட்டும் நைட்ரைட்டும், குளோரேட்டும் குளோரைட்டும் அப்படி வந்தவை.

குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கும் தொழிற்சாலையின் பெயரில் உள்ள கார்டைட்டு என்ற வெடிமருந்து, கல்லும் இல்லை, உப்பும் இல்லை. கயிறுபோல் இழுக்கப்பட்டதால் அந்தப் பெயர். வாலை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

குழாய்நீர் (ஊராட்சிப் பணியாளர்) எழுதியது:

நான் மேல்நிலைத் தொட்டியில் நீர் திறந்துவிடும் பணியில் இருக்கிறேன். ஆசிரியை அம்மா பிளீச்சிங் பவுடரில் ஹைப்போகுளோரைட்டு இருக்கிறது என்றார். அப்படியானால் நாங்கள் தினமும் கரைத்து ஊற்றும்போது குளோரைட்டும் சேர்கிறதா? மக்கள் கேட்டால் நான் என்ன சொல்வது?

குன்னூர் ஆசிரியை எழுதியது:

உங்கள் பணியை மதிக்கிறேன், ஐயா. பிளீச்சிங் பவுடர் நீரில் ஹைப்போகுளோரஸ் அமிலத்தையும் ஹைப்போகுளோரைட்டையும் தருகிறது; கிருமிகளைக் கொன்றபின் அதன் பெரும்பகுதி கடைசியில் குளோரைடாக இறங்கிவிடுகிறது. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தரம். அந்தப் பாதுகாப்பை யாரும் குளோரைட்டுப் பயத்தால் குறைத்துவிடக் கூடாது. குடிநீரில் குளோரைட்டு ஒரு சிக்கலாவது, முதன்மையாகக் குளோரின் டைஆக்சைடு பயன்படுத்தும் நிலையங்களில். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஹைப்போகுளோரைட்டு நாள்பட வெயிலிலும் வெப்பத்திலும் இருந்தால் சிதைந்து, குளோரைடாகவும் குளோரேட்டாகவும் மாறும். ஆகவே பழைய மூட்டையில் கிருமி கொல்லும் வலு குறைந்திருக்கும். மூட்டையை நிழலில், காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள், பழையதை முதலில் தீர்த்துவிடுங்கள்.

ஊற்றுக்கரை எழுதியது:

நீங்கள் எல்லோரும் இவ்வளவு பொறுமையாக விளக்கியதைப் படித்தபின், முதலில் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் உறவினர் ஒருவர் வீட்டில் ஒரு சிறு பாட்டில் இருக்கிறது. யாரோ தெரிந்தவர் மூலம் வரவழைத்தாராம். "கனிமச் சொட்டு" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சிறிய எழுத்தில் "சோடியம் குளோரைட்டு 28 விழுக்காடு" என்று இருக்கிறது. எலுமிச்சைச் சாற்றில் சில சொட்டுகளைக் கலந்து, சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு தண்ணீர் ஊற்றிக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூட்டுவலிக்காகக் குடிக்கத் தொடங்கி நான்கைந்து நாள்தான் ஆகிறதாம். வயிற்றுப்போக்கு இருக்கிறது, ஆனால் உடலில் உள்ள நஞ்சு வெளியேறுகிறது என்று நம்புகிறார். குளோரைட்டு என்பது தீங்கில்லாத மலைக்கல் என்று நான் இந்த இழையில் படித்ததைச் சொன்னவுடன், "பார்த்தாயா, கல்லின் சத்துதானே" என்று இன்னும் உறுதியாகிவிட்டார். நான் உதவி செய்ய நினைத்துத் தீங்கு செய்துவிட்டேனோ என்று அச்சமாக இருக்கிறது.

குன்னூர் ஆசிரியை எழுதியது:

ஐயா, தயவுசெய்து இப்போதே அவரை நிறுத்தச் சொல்லுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மீதி விளக்கத்தைப் பிறகு படிக்கலாம்.

எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரிக் அமிலம் சோடியம் குளோரைட்டோடு சேரும்போது குளோரின் டைஆக்சைடு உண்டாகிறது. காகிதக்கூழ் வெளுக்கப் பயன்படும் அதே வளிமம். "சிறிது நேரம் வைத்திருங்கள்" என்று சொல்வது அந்த வினை நடப்பதற்காகத்தான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010இலும், மறுபடி 2019இலும், இத்தகைய சொட்டுகளைக் குடிக்கக் கூடாது என்று எச்சரித்திருக்கிறது. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, நீர்வறட்சியால் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இரத்த அழுத்தம் குறைதல் ஆகியவை அந்த எச்சரிக்கையில் கூறப்பட்டுள்ளன. குளோரைட்டு இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாற்றும், சிவப்பணுக்களைச் சிதைக்கும். உதடோ நகமோ நீலம் பாரித்தால், மூச்சு வாங்கினால், சிறுநீர் கறுத்தால், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பலருக்குத் தமக்கு அந்தக் குறை இருப்பதே தெரியாது. வயிற்றுப்போக்கு என்பது நஞ்சு வெளியேறும் அடையாளம் இல்லை, உள்ளே போன நஞ்சின் வேலை.

பாட்டிலை வீட்டுக் கழிவுநீரில் கொட்டிவிடாதீர்கள். எந்த அமிலத்தோடும் சேர விடாதீர்கள்; கழிப்பறை கழுவும் திரவமும் அமிலம்தான். சிந்தியதைத் துணியால் துடைத்து அந்தத் துணியைக் காயப் போடவும் கூடாது. சோடியம் குளோரைட்டு ஊறிக் காய்ந்த துணி எளிதில் தீப்பற்றும். மருத்துவர் பார்த்தபின், மூடியை இறுக்கி, அருகிலுள்ள கல்லூரியின் வேதியியல் துறையில் கொடுங்கள்.

பாறைநோக்கி எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் உறவினரிடம் மட்டும் இதைச் சொல்லுங்கள்: நாற்பது ஆண்டுகள் கல்லோடு வாழ்ந்தவன் கூறுகிறேன், எந்த மலைக்கல்லிலிருந்தும் அந்தச் சொட்டு வரவில்லை. கனிமம் என்ற சொல்லை அதன்மேல் ஒட்டியவர்கள், அந்தச் சொல்லுக்கு மக்களிடம் இருக்கும் நல்ல பெயரைத் திருடியிருக்கிறார்கள். கல் தீங்கற்றது என்பதால் உப்பும் தீங்கற்றதாகிவிடாது. உப்பு தீங்கானது என்பதால் கல்லை அஞ்சவும் வேண்டாம்.

ஊற்றுக்கரை எழுதியது:

நேற்றே அழைத்துச் சென்றோம். இரத்தப் பரிசோதனை செய்து ஒரு நாள் கவனிப்பில் வைத்திருந்தார்கள். நீர்வறட்சிக்கு மட்டும் மருந்து ஏற்றினார்கள். இன்று வீடு திரும்பிவிட்டார், நலமாக இருக்கிறார். பாட்டிலை மருத்துவரே படம் எடுத்துக்கொண்டார். ஆசிரியை அம்மாவுக்கு எங்கள் ஹட்டியே கடமைப்பட்டிருக்கிறது.

சேரம்பாடி எழுதியது:

மனம் நிம்மதி அடைந்தது. இந்த இழையைப் படித்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: தமிழில் எழுதும்போது இந்தச் சொல்லைத் தனியாக நிற்கவே விடக் கூடாது. கல் என்றால் "குளோரைட்டுக் கனிமம்", உப்பு என்றால் "குளோரைட்டு உப்பு" அல்லது "குளோரைட்டு அயனி" என்று ஒவ்வொரு முறையும் துணைச்சொல்லோடு எழுதலாம். கல்லுக்குப் "பசுஞ்செதில்" என்று தமிழ்ப் பெயரே வைத்தால் என்ன?

பாறைநோக்கி எழுதியது:

துணைச்சொல் வேண்டும் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். பசுஞ்செதில் அழகான சொல், ஆனால் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. பச்சையாகச் செதிலாகும் கனிமங்கள் வேறும் உண்டு; குளோரைட்டிலேயே வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா நிற வகைகளும் உண்டு. போதாக்குறைக்குக் குளோரிட்டாய்டு என்று பெயர் ஒத்த இன்னொரு கனிமம் இருக்கிறது. அது கத்திக்கும் அசையாத கடினம் உடையது. பொதுப்பேச்சில் பசுஞ்செதில் என்று சொல்லிக்கொள்ளலாம், பாடத்தில் குளோரைட்டுக் கனிமம் என்றே இருக்கட்டும்.

கூடலூர் வழியாக மைசூர்ப் பக்கம் போகிறவர்கள், பேலூரையும் ஹளேபீட்டையும் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஹொய்சளர் கோயில்களின் நுண்சிற்பங்கள் குளோரைட்டு கலந்த மென்கல்லில் செதுக்கப்பட்டவை. கோனார்க் சூரியன் கோயிலில் வாசற்சட்டங்களுக்கும் தேர்ந்த சிற்பங்களுக்கும் குளோரைட்டுக் கல்லைத்தான் தெரிந்தெடுத்தார்கள். கருங்கல்லில் வராத நகைவேலைப்பாடு அங்கே வந்ததற்கு, நகத்துக்கு இடம் கொடுக்கும் இந்தக் கனிமத்தின் மென்மையும் ஒரு காரணம்.

ஊற்றுக்கரை எழுதியது:

ஐயா, எங்கள் பாறையில் இருப்பது உண்மையிலேயே அதுதானா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

பாறைநோக்கி எழுதியது:

ஓரளவுக்கு உண்டு. நகத்தால் கீறுங்கள், மோஸ் அளவுகோலில் (மிக மென்மையானது 1, வைரம் 10) குளோரைட்டின் கடினம் 2 முதல் 2.5 வரைதான் என்பதால் கீறல் விழும் அல்லது விழுவதுபோல் இருக்கும். எபிடோட்டு என்ற மற்றொரு பச்சைக் கனிமமும் இதே விரிசல்களில் வரும். அதைக் கத்தியாலும் கீற முடியாது, நிறமும் சற்று மஞ்சள் கலந்திருக்கும். ஒரு மெல்லிய செதிலை ஊசியால் பெயர்த்து மெதுவாக வளையுங்கள். மைக்கா என்றால் விட்டவுடன் நிமிர்ந்துகொள்ளும்; குளோரைட்டு வளைந்தபடியே நின்றுவிடும். பாசியாக இருந்தால் உலர்ந்து உதிரும், அதையும் மறக்க வேண்டாம். உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், கல்லை மெல்லிய தகடாக அரைத்து முனைவாக்க நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சில குளோரைட்டுகள் அங்கே மை கொட்டியதுபோல் ஒரு விசித்திரமான கருநீலத்தைக் காட்டும். ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

ஊற்று நீரைப் பற்றியும் ஒரு சொல். குளோரைட்டுப் பயம் வேண்டாம் என்றோமே தவிர, சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாறை சரிந்த இடத்தில் மேலே உள்ள மண்ணும் தோட்டத்து வடிநீரும் ஊற்றில் கலக்க வாய்ப்புண்டு. கோலிஃபார்ம் கிருமிக்கும் தோட்டமருந்து எச்சத்துக்கும் மறுபடி சோதித்துவிடுங்கள். அதுவரை கொதிக்க வைத்துக் குடியுங்கள். கொதித்தால் கிருமி சாகும், தோட்டமருந்து போகாது என்பதால் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஊற்றுக்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நகம் கீறியது, செதில் வளைந்தது, நிமிரவில்லை. அக்காள் மகன் ஒரு துண்டைக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று தகடாக அரைத்துப் பார்த்தான். பூச்சின் பெரும்பகுதி குளோரைட்டுக் கனிமம், இடையிடையே எபிடோட்டு என்று அவனுடைய பேராசிரியர் சொன்னாராம். நீங்கள் சொன்ன கருநீலத்தை அவன் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினான். நல்ல மழை இருட்டில் எங்கள் மலை தெரியுமே, அந்த நிறம். நீர்ச் சோதனையில் கிருமி இருப்பதாக வந்ததால் ஊற்றைச் சுற்றித் தடுப்புக் கட்டி, தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறோம். மருந்து எச்சம் எதுவும் இல்லை என்று அறிக்கை வந்துவிட்டது. பெரியம்மா கொதித்து ஆறிய நீரைக் குடிக்கிறார்.

ஒரு துண்டை ஊர்ப் பள்ளிக்குக் கொடுக்கப் போகிறேன். அட்டையில் "குளோரைட்டுக் கனிமம். இதில் குளோரின் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். சரிதானா, ஐயா?

பாறைநோக்கி எழுதியது:

சரிதான். எந்த ஊர், எந்தப் பாறை, எந்த நாள் எடுத்தது என்பதையும் அதே அட்டையில் எழுதுங்கள். இடம் எழுதாத கல்லை வைத்து யாரும் எதையும் படிக்க முடியாது.